லலிதாஜி போட்ட காக்கி

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும்போதெல்லாம், மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நிற்கும் பெண்களைப் பார்ப்பேன். உடனே ஒரு பழைய தூர்தர்ஷன் தொடர் ஞாபகம் வரும். பேர் 'உடான்'. பறத்தல்னு அர்த்தம். 1989-ல் ஆரம்பித்தது. நம்ம திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான்.

அதில் கல்யாணி சிங் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தவர் கவிதா சௌத்ரி. பேரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. சர்ஃப் விளம்பரத்தில் வந்த லலிதாஜின்னு சொன்னா, "அட, அவங்களா!" என்பார்கள். உடானில் நடித்ததோடு, அதை எழுதி இயக்கியதும் அவரேதான்.

கதையை அவர் வெளியே தேடவில்லை. வீட்டிலேயே இருந்தது. அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாசார்யா, கிரண் பேடிக்கு அடுத்து ஐ.பி.எஸ். ஆன இரண்டாவது பெண். ஒரு சொத்துத் தகராறில் அப்பா தாக்கப்பட்டபோது போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அந்தக் கோபம்தான் அக்காவைக் காக்கிச் சட்டைக்குக் கொண்டு போனது. தங்கை அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால்தான் உடானில் துப்பாக்கிச் சண்டையைவிட, ஒரு பொண்ணு அந்தச் சீருடை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதே பெரிய கதை.

அன்று அந்த அப்பாவுக்கு நடந்தது இன்றைக்கு நடந்தால்? 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். சில வகைப் புகார்களில் மட்டும் முதலில் சின்ன விசாரணை நடத்தலாம். ஸ்டேஷனில் மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இந்தத் தீர்ப்பு வந்த வழக்கின் பெயர் லலிதா குமாரி வழக்கு! கடத்தப்பட்ட மகளுக்காக ஒரு அப்பா கோர்ட்டுக்குப் போன வழக்கு அது.

காஞ்சன் 2004-ல் உத்தராகண்டில் டி.ஜி.பி. ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அடுத்தவர் நம்ம லத்திகா சரண், 2010-ல். காஞ்சன் 2019-ல் மறைந்தார். கவிதா 2024 பிப்ரவரியில்.

ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனா, மறுக்கப்பட்ட எல்லா வீட்டிலும் ஒரு காஞ்சன் இருக்க மாட்டாளே. மனுவோடு நிற்கும் அந்தப் பெண்களுக்குக் குறைந்தபட்சம் சட்டமாவது தெரிந்திருக்கணும்.