'டு ஹியர்' சரியா, 'டு ஹியரிங்' சரியா? ஆபீஸ் மெயிலில் தடுமாற வைக்கும் ஆங்கிலத்துக்கு தமிழிலேயே இருக்கு சாவி!

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் ஒரு வீட்டு மாடியில் 16 வயதுப் பையன் ஒருவன் ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். பாடத்தைச் சரியாகப் படிக்காததற்கு வாத்தியார் கொடுத்த தண்டனை அது. மூன்று முறை எழுத வேண்டும். பாடப் புத்தகம், ஸ்காட்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் பெயினின் இலக்கண நூல். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறை கை ஓடவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான்.

பையனின் பெயர் வேங்கடராமன். பிறந்த ஊர் திருச்சுழி. அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த அவர்தான் ரமண மகரிஷி.

அவர் போன பாதை வேறு. ஆனால், அவர் பாதியில் விட்ட அந்த 'எழுதி எழுதிப் படி' முறை இன்னும் நம்மை விடவில்லை. திருச்சுழி, அருப்புக்கோட்டை கரிசல் பக்கத்திலிருந்து தமிழ் வழியில் படித்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கும் விதிகள் மனப்பாடம். ஆனாலும் மேனேஜருக்கு நாலு வரி மெயில் அனுப்புவதற்குள் வியர்த்துவிடுகிறது. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், தெரிந்த விஷயத்தைக்கூட மீட்டிங்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இழப்பு அங்கேதான்.

இத்தனைக்கும் இந்தக் குழப்பத்துக்கான சாவி நம்ம ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. தொழிற்பெயர், வேற்றுமை உருபு, ஞாபகம் இருக்கா?

படிக்க + இல் = ?

'படிப்பதில் ஆர்வம்' என்கிறோம். 'படிக்கவில் ஆர்வம்' என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். 'இல்' என்ற உருபு பெயர்ச்சொல்லோடுதான் சேரும். அதனால் 'படி' என்ற வினையைப் 'படிப்பது' என்று பெயராக்கிவிட்டு, பிறகுதான் உருபைச் சேர்க்கிறோம்.

ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. நம் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். அவர்களுடைய 'இன்', 'ஆஃப்', 'ஃபார்' எல்லாம் முன்னால் தனியாக நிற்கும். அவற்றுக்குப் பிறகு வினை வந்தால், 'இங்' சேர்த்துப் பெயராக்க வேண்டும். அதனால்தான் 'இன்டரஸ்டட் இன் லேர்னிங்'. 'இன்டரஸ்டட் இன் லேர்ன்' என்பது நம் 'படிக்கவில்' மாதிரி.

இரண்டு 'டு'

பலரும் சறுக்கும் இடம் இது. 'ஐ வான்ட் டு ஹியர்' சரி. ஆனால், மெயிலின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' தப்பு. 'டு ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். ஏன்?

முதல் 'டு' வினையோடு ஒட்டி வருவது, நம்ம 'கேட்க' மாதிரி. இரண்டாவது 'டு' நம்ம நான்காம் வேற்றுமை 'கு'. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல். கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. 'டு'வுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது. அப்படியென்றால் அங்கே வினைக்கு 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தவில்லை. அங்கே 'இங்' வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: போவது, வருவது பற்றிய வினைகளில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். 'வென்ட் டு ஸ்கூல்' என்பதும் சரி, 'வென்ட் டு ஸ்டடி' என்பதும் சரி. பின்னது 'படிக்கப் போனேன்' என்று நோக்கத்தைச் சொல்கிறது.

இன்டர்வியூவில் அர்த்தமே மாறும்

'ஐ யூஸ்டு டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்' என்றால், முன்பு நைட் ஷிஃப்ட் பார்த்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்' என்றால், நைட் ஷிஃப்ட் எனக்குப் பழகிப்போச்சு. நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் தேடும் கம்பெனியில் இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதைச் சொன்னால், கேட்பவர் என்ன முடிவுக்கு வருவார்?

'ஸ்டாப்' இன்னும் மோசம். 'ஹி ஸ்டாப்டு டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்டு டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார். நேர் எதிர்!

'ரிமெம்பர்' விஷயத்தில் நமக்குக் குழப்பமே வேண்டாம். 'கதவைப் பூட்டுனது ஞாபகம் இருக்கு' என்றால் முடிந்துபோன வேலை: 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. 'ஞாபகமா கதவைப் பூட்டு' என்றால் இனி செய்ய வேண்டியது: 'ரிமெம்பர் டு லாக் த டோர்'. வீட்டில் தினமும் பேசுகிற வித்தியாசம்தான்.

தமிழ் காலை வாரும் இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. 'அதைப் பற்றி விவாதிப்போம்' என்று மனசுக்குள் ஓடுவதால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதிவிடுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடக்கம். 'லெட்ஸ் டிஸ்கஸ் த பட்ஜெட்' போதும். அதுவே 'டிஸ்கஷன்' என்று பெயரானால் 'அபௌட்' வரலாம். 'ரிக்வெஸ்ட்' என்பதும் அப்படியே. வினையாக வந்தால் 'ஃபார்' வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும்.

அடுத்தது 'இல்'. திருச்சுழியில், பஸ் ஸ்டாண்டில், அருப்புக்கோட்டை ரோட்டில் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் மூன்று: ஊர் என்ற பரப்புக்குள் இருந்தால் 'இன் திருச்சுழி', ஓர் இடத்தை வெறும் புள்ளியாக நினைத்தால் 'அட் த பஸ் ஸ்டாண்ட்', ரோட்டின் மேல் என்றால் 'ஆன் த ரோடு'. நேரத்துக்கும் இதே வரிசைதான்: மாதம், வருடத்துக்கு 'இன்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மணிக்கு 'அட்'.

'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதும் அடிக்கடி வரும் தப்பு. 'ரெண்டு வருஷமா' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. '2023-லிருந்து' என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்'.

அப்போ என்ன செய்யலாம்?

விதியை மூன்று முறை எழுதுவதைவிட, சந்தேகம் வரும் வரியை ஒரு முறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'படிக்க' வருதா, 'படிப்பதில்' வருதா என்று காது சொல்லிவிடும். அது பிடிபடாத இடங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீங்கள் பயப்படும் அளவுக்கு நீளாது.

ஆங்கில இலக்கண நோட்டை ஒதுக்கி வைத்த வேங்கடராமனைத் தேடி, பிற்காலத்தில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆங்கிலத்தில் வரும் கேள்விகளை அவர் புரிந்துகொள்வார். பதில் பெரும்பாலும் தமிழில் வரும், பக்கத்தில் இருப்பவர்கள் மொழிபெயர்ப்பார்கள். மேனேஜருக்கு மெயில் அனுப்பும் நமக்கு அந்த வசதி இல்லை. எழுதியதை இன்னொரு தடவை படித்துவிட்டு, தைரியமாக 'செண்ட்' பட்டனை அழுத்த வேண்டியதுதான்.