குத்தகை யார் பெயரில்?

மாவட்டங்கள் காட்டிய வழி – 7

தொழிலில் புதுமை என்றதும் புது இயந்திரம், புது மென்பொருள் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டக் கல் குவாரிகளில் வந்த புதுமை அந்த வகையல்ல. சம்மட்டி அதேதான், உளியும் அதேதான். குத்தகை ஆவணத்தில் இருந்த பெயர்தான் மாறியது.

அதுவரை குவாரி ஒப்பந்தக்காரர் கையில் இருந்தது. வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்த பெண்களுக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், குவாரிகள் பலவற்றைக் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார். கூலிக்கு நின்றவர்கள் முதலாளிகளானார்கள்.

ஆனால் ஆணை போட்டுவிட்டால் தொழில் நடந்துவிடாது. எத்தனை லோடு போனது, கைக்கு எவ்வளவு வந்தது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவைக்கத் தெரியாவிட்டால், கணக்குப் பிள்ளையாக வருபவரே மறுபடி முதலாளி ஆகிவிடுவார். அந்த இடத்தை நிரப்பியது 1991-ல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. குடுமியான்மலை குவாரிகளில் வேலை பார்த்த பெண்களும் பெடல் மிதிக்கக் கற்றார்கள். சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதையே விரும்பியவர்களும் உண்டு. முன் பாரில் பிள்ளையை உட்காரவைத்து, பின் கேரியரில் விளைபொருளைக் கட்டிக்கொண்டு போகலாம். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சம். ஒரு ஊரில் விற்றுவந்தவர் இரண்டு மூன்று ஊர்களில் விற்றார். வியாபாரம் விரிந்தது இப்படித்தான்.

இந்தச் சைக்கிள் கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாடறியச் செய்தார். பிறகு சைக்கிள் அரசுக் கொள்கையாகவே ஆனது. தமிழகத்தில் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள்.

குவாரிக் குத்தகைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கையை விட்டுப் போன வருமானத்தைத் திரும்பப் பிடிக்க ஒப்பந்தக்காரர்கள் விடாமல் முயன்றார்கள். ஆட்சியர் மாறுவார், குத்தகைக் காலமும் முடியும். ஒருமுறை கற்ற சைக்கிளை யாரும் பறிக்க முடியாது. குத்தகையை ஒவ்வொரு தவணையிலும் போராடித்தான் காக்க வேண்டும்.

இன்று ஸ்டார்ட்அப் கொள்கைகள் எழுதுபவர்களுக்குப் புதுக்கோட்டை சொல்வது இதுதான்: நிர்வாகம், வங்கி, மக்கள் இயக்கம் மூன்றும் கைகோத்தால் எந்த மாவட்டமும் நாட்டுக்கு முன்னோடியாகலாம். ஆனால் நல்ல அதிகாரி ஒருவரின் முடிவு, அவர் இடம் மாறிப் போவதற்குள் விதியாக எழுதப்பட வேண்டும். உழைப்பவருக்கே குத்தகையில் முதல் உரிமை என்பதைச் சட்டமே சொல்லட்டும். எந்த ஆட்சியர் வந்தாலும் அது நிற்கும்.

(தொடரும்)