ஜதிங்காவின் பறவைகளும் ஒரு தவறான சொல்லும்

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒருநாள் பாடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அசாமில் பறவைகள் தற்கொலை செய்துகொள்ளும் ஊர் ஒன்று உண்டு என்று, எங்கோ படித்ததைச் சுவையாகச் சொன்னேன். வகுப்பே வாய்பிளந்து கேட்டது. ஒரு மாணவி மட்டும், “பறவைக்குக்கூட சாகணும்னு தோணுமா டீச்சர்?” என்றாள். “அது யாருக்கும் புரியாத மர்மம்மா” என்று சொல்லி முடித்துவிட்டேன். அவள் குடும்பத்தில் அப்படி ஓர் இழப்பு நேர்ந்திருந்தது என்பதை மறுநாள்தான் அறிந்தேன். அதன் பிறகே அந்த ஊரைப் பற்றி முறையாகப் படித்தேன்.

அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்தில், ஹாஃப்லாங் நகருக்கு அருகில் உள்ள மலைக்கிராமம் ஜதிங்கா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நிலவில்லாத, மூடுபனி சூழ்ந்த இரவுகளில், பெரும்பாலும் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், பறவைகள் விளக்கொளியை நோக்கி வந்து விழுகின்றன. மீன்கொத்தி, கொக்கு, குருகு, ஆறுமணிக்குருவி என 40-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

இந்த நிகழ்வுக்கு மனிதர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். முன்பு அங்கு வாழ்ந்த ஜெமி நாகர்கள் தீய ஆவிகளின் வேலை என்று அஞ்சி ஊரைவிட்டே போனார்கள் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் குடியேறிய ஜெயின்டியா மக்களுக்கு அது கடவுள் தந்த உணவு. வெளியுலகம் வைத்த பெயர்தான் ‘தற்கொலை’.

ஆய்வாளர்கள் கண்டது வேறு. இ.பி. ஜீ இந்நிகழ்வை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1970-களில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுதிர் சென்குப்தா நேரில் சென்று ஆராய்ந்தார். மூடுபனியும் காற்றும் பறவைகளைத் திசைதடுமாறச் செய்கின்றன. தடுமாறியவை ஒளியை நாடி வருகின்றன என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். வந்து இறங்கிய பறவைகளுள் பல, மயங்கியதுபோல் உயிரோடு உட்கார்ந்திருக்கும். மூங்கில் கழிகளால் அவற்றை அடித்துக் கொன்றவர்கள் மனிதர்களே. அந்தக் குறிப்பிட்ட நிலப்பகுதியில் மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. ஆனால் பறவைகள் சாக விரும்பி வரவில்லை என்பது தெளிவு.

அடுத்த வாரம் அதே வகுப்பில் மீண்டும் இதைப் பேசினேன். “மழைக்காலத்தில் உங்கள் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல் விழுமே, அது சாகவா வருகிறது?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், வெளிச்சத்துக்கு வருது” என்றார்கள். கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்தோம்: கண்ணால் கண்டது, நாம் ஊகித்தது, சோதித்துப் பார்க்கக்கூடியது. ‘பறவை விழுந்தது’ முதல் பத்தியில் சேர்ந்தது. ‘தற்கொலை’ என்ற சொல்லை எங்கே எழுதுவது என்று கேட்டபோது, இரண்டாம் பத்தி என்று சொன்னவள் அந்த மாணவிதான். “விளக்கை அணைச்சிட்டா என்ன ஆகும்?” என்று இன்னொருவன் மூன்றாம் பத்தியைத் தொடங்கி வைத்தான்.

மர்மக் கதைகள் மாணவரை ஈர்க்கும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மர்மம் என்று சொல்லி மணி அடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். குறிப்பாக, சாவைப் பற்றிய சொல்லைப் பயன்படுத்தும் முன், அதைக் கேட்கும் குழந்தைகளின் முகத்தை ஒருமுறை பாருங்கள்.