கணினிக்குள் டபுள் பேஸ்

1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு 'சோ வாட்' என்ற உருப்படியோடு தொடங்குகிறது. அதன் மெட்டை முதலில் எடுத்துச் சொல்வது டேவிஸின் ட்ரம்பெட் அல்ல, பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த மரக்கருவியை அப்ரைட் பேஸ் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் நான்கே தந்திகள், அவற்றில் தடித்ததான 'ஈ' தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கேட்பவர் அதைக் காதால் உணர்வதைவிட நெஞ்சால் உணர்வதே அதிகம்.

வீட்டில் ஒரு கணினியும் சின்ன கீபோர்டும் வைத்துப் பாட்டு அமைப்பவருக்கு இந்த ஒலி கிடைக்கும் எளிய வழி சாம்பிள்தான். கலைஞர் ஒருவர் ஸ்டூடியோவில் ஒவ்வொரு சுரமாக மீட்டுவார். அதைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிந்து, கீபோர்டின் ஒவ்வொரு கட்டையோடும் இணைத்து வைப்பார்கள். கட்டையை அழுத்தினால் அவர் மீட்டிய அதே சுரம் ஒலிக்கும்.

இப்படிச் சேர்த்த ஒலித்தொகுப்புகளில் விலை குறைந்தவை எல்லாமே மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. டபுள் பேஸ் விஷயத்தில் இயற்பியலே நம் பக்கம் இருக்கிறது. ஜாஸில் இதைப் பெரும்பாலும் விரலால்தான் வாசிக்கிறார்கள். விரல் தந்தியை விட்டதுமே அந்தச் சுரத்தின் போக்கு ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறகு அது தானாகத் தேய்ந்து அடங்குகிறது. பதிவு செய்ததை அப்படியே திரும்ப ஒலிக்கவிட்டால் பெரிதாக எதுவும் குறைவதில்லை. வில் போட்டு வாசிக்கும்போது கதையே வேறு. சுரம் ஒலிக்கும் நேரம் முழுவதும் கை அதை அழுத்தியும் தளர்த்தியும் வடிவமைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த அசைவு உறைந்துபோன பதிவில் வராது. ஆகவே விரல் வாசிப்புக்குக் குறைந்த விலைத் தொகுப்பே போதும்; வில் வாசிப்பைத் தனித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செலவழியுங்கள், அல்லது கலைஞரையே அழையுங்கள்.

வாங்குமுன் மாதிரி ஒலியைக் கேட்கும்போது ஒரே சுரத்தைப் பலமுறை தொடர்ந்து வாசிக்கும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். ஒரே பதிவு மறுபடி மறுபடி ஒலித்தால் இயந்திரத்தனம் பளிச்சென்று தெரியும். இசையமைப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மெஷின் கன்'. இதைத் தவிர்க்க ஒவ்வொரு சுரத்தையும் மூன்று நான்கு முறை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். அதற்குப் பெயர் ரவுண்ட் ராபின். அதேபோல மெல்ல அழுத்தினால் மென்மையாக மீட்டிய பதிவும், பலமாக அழுத்தினால் தந்தி விரற்பலகையில் மோதி உறுமும் பதிவும் வர வேண்டும். மெல்லிய பதிவின் ஒலியளவை மட்டும் ஏற்றி ஏமாற்றும் தொகுப்பை ஒதுக்கிவிடலாம்.

அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். 30 சுரம், 4 அழுத்த நிலை, 3 ரவுண்ட் ராபின் என்றால் 360 பதிவுகள். ஒவ்வொன்றும் ஐந்து நொடி, 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்தாலும் மொத்தம் அரை ஜிபிகூட வராது. ஒரு நல்ல விரல் பேஸுக்கு இது தாராளம்.

எந்தக் காலத்து ஒலி வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். பழைய ஜாஸ் கலைஞர்கள் ஆட்டுக்குடல் தந்திகளில் வாசித்தார்கள். 'தம்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும் ஒலி அது. பின்னர் பரவிய எஃகுத் தந்திகளில் சுரம் நீண்டு ரீங்கரிக்கும். மைக்கில் பிடித்த ஒலியில் மரமும் அறையும் கேட்கும். கருவியிலேயே பொருத்தும் பிக்கப்பில் பிடித்ததில் தந்தியின் கூர்மை தூக்கலாக இருக்கும். இரண்டையும் கலக்க வசதி தரும் தொகுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பணமே செலவழிக்காமல் தொடங்கவும் வழியுண்டு. கரோரைஃபர் நிறுவனத்தின் 'மீட்பேஸ்' என்ற டபுள் பேஸ் தொகுப்பு எஸ்எஃப்இசட் என்ற கோப்பு வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. 'ஸ்ஃபோர்ஸாண்டோ' என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றி வாசிக்கலாம். விலை கொடுத்து வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மலிவான தொகுப்புகள் பலவற்றுக்குக் 'கான்டாக்ட்' என்ற சாம்பிள் மென்பொருளின் முழுப் பதிப்பு தேவை. அதன் இலவசப் பிளேயரில் அவை சிறிது நேரம் ஒலித்துவிட்டு நின்றுவிடும். தொகுப்பின் விலையைவிடக் கான்டாக்டின் விலை பல மடங்கு. விவரக் குறிப்பைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

தொகுப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி 'மோனோ' அமைப்பை இயக்குங்கள். ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின்மேல் படிந்தால் அடித்தளம் குழம்பிவிடும். ஈ தந்திக்குக் கீழே சுரம் எழுத வேண்டாம். அங்கே இறங்க ஐந்தாம் தந்தியோ, ஈ தந்தியை நீளமாக்கும் நீட்டிப்போ உள்ள கருவி வேண்டும். கலவை முடிந்ததும் போனிலும் ஒருமுறை கேளுங்கள். 41 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கர் தராது. ஆனால் 82, 123 என்று மேலே அடுக்கிக்கொண்டே போகும் துணை அதிர்வுகளில் உயர்ந்தவை கேட்டால் போதும், அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். பேஸ் போனில் மறைந்துபோனால் அடிப்பகுதியை ஏற்றாதீர்கள். அந்த உயர்ந்த துணை அதிர்வுகள் இருக்கும் நடுப்பகுதியைச் சற்று உயர்த்துங்கள்.