சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி

காந்திகிராமத்தில் நம்மிடம் பழைய கார்புரேட்டர் ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் தேய்ந்துவிட்டது. அதே 796 சிசி என்ஜின், ஆனால் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வகை, கழித்த வண்டியொன்றிலிருந்து கிடைக்கிறது. தூக்கி உட்கார வைத்துவிடலாம். பெட்ரோலை எப்படிக் கொடுப்பது? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

பழைய என்ஜினில் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருந்தது. கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, உள்ளே ஒரு ரப்பர் தகடு ஆடி பெட்ரோலை இழுத்துத் தரும். அழுத்தம் ஏறக்குறைய கால் பார். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். தனியாக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. புதியதற்குச் சுமார் 3 பார் வேண்டும். அதற்கு டேங்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும் மின்சார பம்ப் தேவை.

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ‘பம்புக்கு 12 வோல்ட் போதும், சாவி போட்டால் கரண்ட் வரும் வயரில் முறுக்கிவிடு’ என்பார்கள். வண்டி ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் மதுரை நான்குவழிச் சாலையில் வண்டி மோதி நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். என்ஜின் அணைந்துவிட்டது, ஓஸ் பிய்ந்துவிட்டது, சாவி ஆனிலேயே இருக்கிறது. பம்புக்கு என்ன தெரியும்? முன் சீட்டுக்கு அடியில் சூடாக இருக்கும் என்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பம்ப் கேட்க வேண்டியது சாவியை அல்ல, என்ஜினின் கணினியான ஈசியூவை. சாவி போட்டதும் வரும் முதல் இரண்டு மூன்று நொடி தவிர, என்ஜின் சுழல்கிறது என்ற சிக்னல் சென்சாரிலிருந்து வந்துகொண்டிருக்கும்வரைதான் அது பம்பை ஓடவிடும். அதற்காக ஈசியூவே பம்புக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. ஐந்தாறு ஆம்பியரை அதன் மெல்லிய பின் தாங்காது. நடுவில் ஒரு ரிலே இருக்கும். நம் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் போலத்தான்: பட்டனைத் தொடுவது விரல், கனத்த கரண்ட் போவது உள்ளே காந்தம் இழுத்துச் சேர்க்கும் கான்டாக்ட் வழியாக.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர். 87-லிருந்து பம்புக்கு. 86-க்குச் சாவி லைன். 85 ஈசியூவுக்கு, பெரும்பாலான ஈசியூக்கள் அங்கே எர்த் கொடுத்துத்தான் ரிலேயை இழுக்கும். இப்போதைய சில கார்களில் ரிலேக்குப் பதில் பம்பின் வேகத்தையே ஏற்றி இறக்கும் மாட்யூல் உண்டு. நம் ஆம்னிக்கு அந்த வம்பு வேண்டாம்.

டேங்க் விஷயம் தனி. கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் பெட்ரோல் எப்போதும் கையிருப்பில் இருந்தது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் ஒதுங்கி, பம்ப் கொஞ்சம் காற்றை இழுத்தாலும் அது சமாளித்தது. இன்ஜெக்டருக்கு அந்தக் கையிருப்பு கிடையாது, உடனே திக்கும். அதனால் என்ஜின் வாங்கும்போதே அந்த வண்டியின் டேங்க், பம்ப், ரிட்டர்ன் பைப், வயரிங், ஈசியூ எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். என்ஜின் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் வாங்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் போட்டுக் காது கொடுங்கள். இரண்டு மூன்று நொடி ‘ங்ங்’ என்று ஓடி பம்ப் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வண்டியை எடுக்காதீர்கள்; வயரிங் தப்பு.