கிணற்றடியில் நடக்கும் ஆராய்ச்சி

வன்னி மண்ணில் வாழ்ந்த மூத்த தாய்மாருக்கு மலேரியாக் காய்ச்சலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரை அது பீடித்தது. யுத்தம் நடந்த மாவட்டங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. ஆனால் 2016 செப்டெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மருந்தும் நுளம்பு வலையும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. மலேரியா தடை இயக்கத்தின் வெளிக்கள ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று இரத்தம் எடுத்தார்கள், நுளம்புகளைப் பிடித்தார்கள், தேங்கிய நீரில் குடம்பிகளைத் தேடினார்கள். எந்த நுளம்பு எங்கே பெருகுகிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தது இவர்களது உழைப்பினால்தான். ஆராய்ச்சி என்பது கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் நடப்பதல்ல.

1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே இருந்தனர். நோய் போய்விட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் படுக்கையில் விழுந்தனர்.

இன்றும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2016 இறுதியில், வழக்கமான பரிசோதனையின்போது, நமக்கு அயலிலுள்ள மன்னாரில் 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் மலேரியாவைப் பரப்பும் இது கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் முட்டையிடுகிறது. ஊழியர்கள் கிணறுகளை எட்டிப் பார்த்திராவிட்டால் இது தெரிய வந்திருக்குமா?

எனவே, அதிகாரிகள் இவ்வூழியர்களை மாதிரி சேகரிப்போராக மட்டும் கருதாது, திட்டம் தீட்டும்போதே அவர்களது அனுபவத்தையும் கேட்க வேண்டும். ஆய்வின் முடிவை அவர்களுக்கும் ஊருக்கும் அறிவிக்க வேண்டும். பலன் தெரியாத வேலையில் எவருக்கும் ஊக்கம் பிறக்காது.

நமக்கும் பொறுப்புண்டு. வீட்டில் ஆண்கள் இல்லையென்று ஊழியரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அயல்வீட்டுப் பெண்ணொருவரைத் துணைக்கழைத்துக் கிணற்றைக் காட்டுங்கள். குடம்பிகளை உண்ணக் கிணற்றில் விட்ட மீன்களை இறைக்கும்போது வீசிவிடாதீர்கள். இந்தியா, ஆபிரிக்கா சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், பயண விபரத்தைச் சொல்லி உடனே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அந்த ஒரு துளி இரத்தம் ஊரையே காக்கக்கூடும்.