பாட்டிகிட்ட கேட்டீங்களா?

ஆர்க்கிடெக்சர், சிவில் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... ப்ராஜெக்ட்டுக்கு பார்க் டிசைன் பண்றீங்களா? ஃபவுன்டன், ஸ்கேட்டிங் எல்லாம் ஓ.கே! முட்டிவலி தாத்தா எங்கே உட்காருவார்?

அவருக்காக நாமே யோசிச்சா போதாது... அவர்கிட்டயே கேட்கணும்! 2006-07-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் செஞ்சது. டெல்லி, உதய்ப்பூர் உள்பட 33 நகரங்களில் அறுபது வயசைத் தாண்டினவங்களைக் கூட்டிவெச்சு, வெளியே போனா எது வசதி, எது கஷ்டம்னு கேட்டாங்க. பதில்கள் ரொம்ப சிம்பிள். உட்கார பெஞ்ச், சுத்தமான டாய்லெட், தடுக்கிவிடாத நடைபாதை, விரட்டாத சிக்னல். 2007-ல் அதுவே நகரங்களுக்கான வழிகாட்டிப் புத்தகமாச்சு.

சிங்கப்பூரில் 2009-ல் வந்த ஒரு வசதி... சீனியர்கள் சிக்னல் கம்பத்தில் தங்களோட கார்டை வெச்சா, ரோட்டைக் கடக்க சில விநாடிகள் எக்ஸ்ட்ரா கிடைக்கும்!

நீங்களும் ஒரு சாயங்காலம் பாட்டியோட பஸ் ஸ்டாப் வரை நடங்க. எங்கே மூச்சு வாங்குது, எங்கே சுவரைப் பிடிக்கிறாங்க, ரோடு கிராஸ் பண்ண எத்தனை விநாடி ஆகுதுன்னு குறிச்சுக்கங்க. பிளானை முடிச்சுட்டுக் காட்டாதீங்க. பென்சில்ல இருக்கும்போதே காட்டுங்க. 'இங்கே ஒரு பெஞ்ச் போடுடா'ன்னு சொன்னா, மறுபேச்சு இல்லாம போடுங்க. அது இல்லாததாலேயே கோயிலுக்குப் போறதை நிறுத்தின பாட்டி, உங்க தெருவிலேயே இருக்கலாம்!